நிலம் கேட்டு நடந்த தம்பதி

சங்கரலிங்கம் ஜெகந்நாதன், கிருஷ்ணம்மாள். இவங்க ரெண்டு பேரையும் பத்தி ரொம்ப நாளா எழுதணும்னு இருந்தேன். சர்வோதய இயக்கத்துக்காரங்களுக்கு இவர்களைத் தெரியாமல் இருக்காது. நம்ம தலைமுறையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் 1914-ல் பிறந்தவர், வசதியான குடும்பம். காந்தியின் அழைப்பைக் கேட்டு கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். 1942 போராட்டத்தில் சிறை. அந்தம்மா 1926-ல் பட்டிவீரன்பட்டியில் நிலமில்லாத தலித் குடும்பத்தில் பிறந்து, கஷ்டப்பட்டுப் படித்தவர். நாடு விடுதலை அடைந்த பிறகுதான் கல்யாணம், அதுவும் ஒரு தலித் பெண்ணோடுதான் என்று உறுதியாக இருந்தார் ஜெகந்நாதன். 1950-ல் கல்யாணம் நடந்தது. அந்தக் காலத்துல இது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க.

கல்யாணம் ஆன கொஞ்ச நாளிலேயே அவர் வினோபாவோடு பூதான யாத்திரைக்கு வடக்கே போய்விட்டார். அந்தம்மா சென்னையில் ஆசிரியர் பயிற்சியை முடித்தார். அப்புறம் ரெண்டு பேரும் தமிழ்நாட்டில் கிராமம் கிராமமாக நடந்து நிலம் கேட்டார்கள். நடுவில் ரெண்டு குழந்தைகளையும் வளர்த்தார்கள்.

1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணியில் கூலித் தகராறில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இவர்கள் தஞ்சைப் பகுதிக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். தண்டிக்கப்பட்ட நிலச்சுவான்தார்களை 1973-ல் உயர்நீதிமன்றம் விடுவித்துவிட்டது. அந்த ஜனங்களுக்கு வேறு என்னதான் வழி? சொந்த நிலம்தான் என்பது இவர்கள் முடிவு. 1981-ல் லாப்டி அமைப்பைத் தொடங்கினார்கள். நிலத்துக்காரரிடம் பேசி விலை முடிப்பது, வங்கிக் கடன் வாங்குவது, குடும்பத்துக்கு ஒரு ஏக்கர் வீதம் பெண்கள் பெயரில் பத்திரம் போடுவது, இதுதான் வழிமுறை. இப்படி சுமார் 13,000 குடும்பங்களுக்கு நிலம் கிடைத்தது. பெண்கள் பெயரில் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. புருஷன் குடிச்சு அழிக்க முடியாது பாருங்க.

தொண்ணூறுகளில் நாகை கடற்கரையில் இறால் பண்ணைகள் வந்தன. உப்புத் தண்ணீர் வயலையும் கிணற்றையும் கெடுத்தது. எண்பது வயதை நெருங்கிய ஜெகந்நாதன் உச்சநீதிமன்றம் போனார். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் உள்ள இறால் பண்ணைகளை அகற்றச் சொல்லி 1996 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஆனால் 2005-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கு அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. அப்புறமும் இவர்கள் ஓயவில்லை. 2008-ல் ரெண்டு பேருக்கும் சேர்த்து 'மாற்று நோபல்' எனப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது.

எப்படி முடிந்தது என்று கேட்டால், நம்பிக்கை என்றுதான் சொல்வேன். அந்தம்மாவுக்கு வள்ளலார் மேல் பக்தி. அவருக்கு காந்தியும் வினோபாவும். வேறு வேறு வாசல், உள்ளே ஒரே வீடு.

2013 பிப்ரவரியில் ஜெகந்நாதன் காலமானார். 62 வருஷத்துக்கு மேற்பட்ட இல்லறம். 2020-ல் கிருஷ்ணம்மாளுக்கு பத்மபூஷண் அறிவித்தார்கள். தங்களுக்கென்று சொத்து சேர்க்காத ரெண்டு பேர், ஆயிரக்கணக்கான வீடுகளில் பத்திரத்தை விட்டுப் போயிருக்கிறார்கள். நாகை, திருவாரூர் பக்கம் போனால், வயலில் நிற்கிற ஒரு அம்மாவிடம் இந்த நிலம் யாருதுன்னு கேட்டுப் பாருங்க. 'என்னுது'ன்னு பதில் வரலாம்.