இரண்டு இடங்கள்

இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு நோட்டுப் புத்தகக் கதை என்னிடம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. தேர்வுக்கு இன்னும் ஒரு வாரம்தான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு வந்த நண்பன் என் அறைக் கதவைத் தட்டினான். "டேய், அந்த ஸ்டாட்ஸ் நோட்ஸ் உங்கிட்ட இருக்கா? ஒரு நாளு குடுடா, காப்பி எடுத்துட்டுத் தந்துடறேன்" என்றான். "இல்லடா, யாரோ வாங்கிட்டுப் போயிட்டாங்க" என்றேன். நோட்டு என் தலையணைக்கு அடியில் இருந்தது.

எங்களுக்கு 'கர்வ்' முறையில் மதிப்பெண் போட்டார்கள். வகுப்பில் இத்தனை பேருக்குத்தான் 'ஏ' என்பது முன்கூட்டியே முடிவாகிவிடும். அவன் ஒரு படி ஏறினால் நான் ஒரு படி இறங்க வேண்டும். அப்படித்தான் அன்று கணக்குப் போட்டேன். நான் 'ஏ' வாங்கினேன். அவன் அந்தப் பாடத்தில் தோற்றுப்போனான்.

நான் ஏன் அப்படி நடந்துகொண்டேன் என்று பல வருடங்கள் யோசித்திருக்கிறேன். 'என் குணம் அப்படி' என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் பினாங்கில் பிறந்து வளர்ந்தவனுக்கு அந்தப் பதில் போதாது. இந்தக் கணக்கு எங்கள் ஊரில் நூறு வருடத்துக்கும் மேலாக நடப்பது.

ஜார்ஜ் டவுனில் ஃபார்குவார் தெருவில் ஒரு பழைய வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் உண்டு. இன்று அது மாநில அருங்காட்சியகத்துக்கு உரியது. 1928-இல் கிரீன் லேனுக்கு மாறும்வரை பினாங்கு ஃபிரீ ஸ்கூல் அந்தத் தெருவில்தான் இருந்தது. 1816-இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் தொடங்கிய பள்ளி அது. 'ஃபிரீ' என்றால் இலவசம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். எந்த இனத்துப் பிள்ளைக்கும் எந்த மதத்துப் பிள்ளைக்கும் கதவு திறந்திருக்கும் என்பதே அதன் பொருள்.

திறந்த கதவுக்குள் ஒரு குறுகிய வாசலை 1885-இல் கட்டினார்கள். நீரிணைக் குடியேற்றங்களில் சிசில் கிளமெண்டி ஸ்மித் முயற்சியில் வந்த 'குயின்ஸ் ஸ்காலர்ஷிப்' அது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்று ஊர்களுக்கும் சேர்த்து ஒரு வருடத்துக்கு அதிகம் போனால் இரண்டு இடங்கள். ஜெயித்தவன் அரசாங்கச் செலவில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். சிங்கப்பூரின் ராபிள்ஸ் பள்ளிக்கும் எங்கள் ஃபிரீ ஸ்கூலுக்கும் அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

இரண்டு இடங்கள் மட்டும் இருந்தால் பள்ளி என்ன செய்யும்? தேறக்கூடிய இரண்டு மூன்று பையன்களைப் பொறுக்கி எடுத்து அவர்கள் மேல் முழுக் கவனத்தையும் வைக்கும். மற்ற பிள்ளைகள் பெஞ்சை நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். 1910-களின் தொடக்கத்தில் இந்த ஸ்காலர்ஷிப்பை நிறுத்தியபோது வைக்கப்பட்ட முக்கியமான வாதமே இதுதான்: சிலரைத் தயார் செய்வதற்காகப் பலருடைய படிப்பு கைவிடப்படுகிறது. 1920-களில் அதைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

போட்டியைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்தத் தேர்வு இல்லாவிட்டால் பினாங்குத் தங்கவேலைக்காரர் ஒருவரின் மகன் கேம்பிரிட்ஜுக்குப் போயிருக்க முடியாது. அந்த மகன்தான் வூ லியன் டே. 1879-இல் இங்கே பிறந்து, ஃபிரீ ஸ்கூலில் படித்து, 1896-இல் ஸ்காலர்ஷிப்பை வென்று இம்மானுவேல் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். அப்பன் யார் என்று வினாத்தாள் கேட்கவில்லை. போட்டித் தேர்வின் பெரிய நியாயம் அதுதான்.

அவர் கதையின் அடுத்த பகுதி மஞ்சூரியாவில் நடக்கிறது. 1910 கடைசியில் ஹார்பின் நகரில் கொள்ளைநோய். சீன அரசு வூவை அனுப்பியது. இது எலித்தெள்ளால் பரவுவதல்ல, மூச்சுக்காற்றில் பரவுவது என்று கண்டுபிடித்து, வலைத்துணியும் பஞ்சும் வைத்த முகக்கவசத்தை எல்லாரும் அணிய வேண்டும் என்றார். வயதிலும் பதவியிலும் தன்னை மூத்தவராக நினைத்த மெனி என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த இளைஞரின் பேச்சைக் கேட்கத் தயாராக இல்லை. கவசமில்லாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் அதே நோயில் இறந்தார். ஏறக்குறைய அறுபதாயிரம் பேரைக் கொன்ற அந்த நோய் அடங்கியபின், 1911 ஏப்ரலில் முக்டனில் பதினொரு நாடுகளின் மருத்துவர்கள் கூடினார்கள். மஞ்சூரியாவுக்காக முட்டிக்கொண்டிருந்த ரஷ்யாவும் ஜப்பானும் அதில் இருந்தன. தலைமை வகித்தவர் வூ. ஒரே ஒருவனாக ஜெயிக்கப் பழக்கப்பட்ட ஃபிரீ ஸ்கூல் பையனுக்கு அங்கே தேவைப்பட்டது, தெரிந்ததை எல்லாரோடும் பங்குபோடுவது.

சரி, நம்ம ஆட்கள் அப்போது எங்கே இருந்தார்கள்? வூ பரீட்சை எழுதிய அந்த வருடங்களில், கடலுக்கு அந்தப் பக்கம், இன்றைய செபராங் பிறையில், தமிழர்கள் கரும்புத் தோட்டங்களில் வெட்டுக்கத்தியோடு நின்றார்கள். அந்தப் பிள்ளைகளுக்குத் தோல்விகூடக் கிடைக்கவில்லை. தேர்வு அறை வரை வந்தால்தானே தோற்க முடியும்! 'ஃபிரீ' என்ற கதவு அவர்களுக்கு ஒரு கடல் தூரத்தில் இருந்தது.

அதனால்தானோ என்னவோ, மலாயாத் தமிழர் உயர்கல்வியைப் பிடித்த விதம் வேறாக இருந்தது. 1950-களில், அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்தியவியல் துறை வரப்போகிறது என்றதும், அதில் தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' வழியே போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டப்பட்டது. பல்கலைக்கழக வாசலை மிதிக்கவே போகாத தொழிலாளிகளும் கொடுத்தார்கள். 1956-இல் துறை வந்தது. 1982-இல் வரலாற்றாசிரியர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையத்தில், பல்கலைக்கழகத்துக்குள் போய்விட்ட அண்ணன்களும் அக்காக்களும் வெளியே நின்ற தம்பி தங்கைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அங்கேயும் குறி தேர்வுதான். ஆனால் எல்லாரும் ஒரே பக்கம் நின்று வினாத்தாளோடு மோதினார்கள்.

இதைச் சொல்லி நாம் எல்லாரும் நல்லவர்கள் என்று தோளைத் தட்டிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. 1969-இல் பினாங்கிலேயே ஒரு பல்கலைக்கழகம் பிறந்தது. இன்றைய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம். கடல் தாண்டாமல் படிக்க வழி வந்தது. ஆனால் 1970-களிலிருந்து இட ஒதுக்கீடு நம் பிள்ளைகளுக்கான எண்ணிக்கையைச் சுருக்கியது. பின்னாளில் மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாத எல்லாருக்கும் சேர்த்துப் பத்து விழுக்காடு என்றானது. அந்த எண்ணை வைத்தவர்களோடு நம்மால் மோத முடியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்தவனோடு மோதினோம். அவனும் பெரும்பாலும் நம்ம பையன்தான்.

என் தலையணைக்கு அடியில் இருந்த நோட்டுக்குள் இந்த வரலாறு முழுவதும் இருந்தது என்று இப்போது எனக்குப் படுகிறது. இடங்களை எண்ணி வைத்தது யாரோ. ஆனால் "இல்லடா" என்று சொன்ன வாய் என்னுடையது. ஒரு வகுப்பில் எத்தனை 'ஏ' என்பதை ஆசிரியர் முன்கூட்டியே முடிவு செய்யாமல் இருக்கலாம். அதைக் கேட்கும் உரிமை மாணவர்களுக்கு உண்டு. அதுவரைக்கும் நோட்டைக் கொடுக்கலாமா வேண்டாமா என்பது நம் கையில்தான் இருக்கிறது.

போன மாதம் பட்டர்வொர்த் ஃபெரியில் அவனைப் பார்த்தேன். மகளோடு வந்திருந்தான். மகள் ஐந்தாம் படிவமாம். "அங்கிள்கிட்ட கேளு, நல்லாப் படிச்சவரு, நோட்ஸ் எல்லாம் வச்சிருப்பாரு" என்றான் சிரித்துக்கொண்டே. அவனுக்குத் தெரிந்திருந்ததா என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து பழைய பெட்டியைத் திறந்து அந்த நோட்டைத் தேடினேன். கரையான் பாதியைத் தின்றிருந்தது.