கைபேசியால் கட்டட உள்வரைபடம்

ஒரு கட்டடத்தின் அறைகள், சுவர்கள், வாசல்கள், படிக்கட்டுகள் ஆகியவற்றைக் கைபேசியிலுள்ள உணரிகளைக் கொண்டே அளந்து தளப்படமாக்கும் முறை. கேமரா, முடுக்கமானி, சுழல்மானி, திசைகாட்டி, வைஃபை ஆகியவை இதற்குப் பயன்படுகின்றன; சில உயர்விலைக் கைபேசிகளில் ஒளியால் தூரம் அளக்கும் லைடாரும் உண்டு. அளக்கும் வேலை நிபுணர் கையிலிருந்து கட்டடத்துக்கு உரியவரின் கைக்கு வந்து சேர்ந்ததே இதன் வரலாறு. அதில் பெங்களூரு ஆய்வாளர்களின் பங்கு பலர் நினைப்பதைவிடப் பெரியது.

தெருவில் வழிகாட்டும் ஜிபிஎஸ் கூரைக்குக் கீழே வந்ததும் தடுமாறும். ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வரும் சமிக்ஞை தரையை எட்டும்போதே மெலிந்துவிடுகிறது. கல்லும் கான்கிரீட்டும் மிச்சத்தை விழுங்கிவிடும். விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் படியிறங்கி, தரைமட்டத்துக்குக் கீழே ஆழத்துப் பிள்ளையாரைக் கும்பிடுகிறவரின் கைபேசிக்குச் செயற்கைக்கோள் உதவாது. அதே ஊரின் செராமிக் பட்டறைகளில், தகரக் கூரைக்கு அடியில், சூளைக்கும் காயவைக்கும் அடுக்குகளுக்கும் இடையில் நிற்பவருக்கும் ஜிபிஎஸ்ஸை நம்ப முடியாது.

கைபேசிக்கு முன் அளவு நாடாதான் துணை. தமிழகக் கோயில்களை அந்த வழியில் நுணுக்கமாக வரைந்தவர்களில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பியர் பிஷார் குறிப்பிடத்தக்கவர். கங்கைகொண்டசோழபுரம் பற்றிய அவரது நூல் 1994-லும் தஞ்சைப் பெரிய கோயில் பற்றியது 1995-லும் வெளிவந்தன. அத்தகைய வரைபடத்துக்குப் பொறுமை, காலம், நிறுவனத்தின் ஆதரவு எல்லாம் வேண்டும். சாதாரணக் கட்டடத்துக்கு அத்தனையையும் யார் செலவழிப்பார்கள்?

மாற்று வழி 2000-ல் திறந்தது. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பரம்வீர் பால், வெங்கட பத்மநாபன் இருவரும் 'ரேடார்' என்ற முறையை வெளியிட்டனர். கட்டடத்துக்குள் இடத்துக்கு இடம் கம்பியில்லா வலைச் சமிக்ஞையின் வலிமை மாறும். அந்த மாற்றத்தை முன்கூட்டியே பதிந்து வைத்தால், பின்னர் வருகிறவரின் இடத்தைச் சில மீட்டர் பிழையில் சொல்லிவிடலாம். ஆனால் யாராவது ஒருவர் கட்டடம் முழுக்க நடந்து நடந்து பதிய வேண்டும். நாடா போய் மடிக்கணினி வந்தது. கால்வலி அப்படியே இருந்தது.

அந்தக் கால்வலியைத் தீர்க்கும் முயற்சி பெங்களூரில் நடந்தது. அங்குள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் கிருஷ்ண சிந்தலபுடி, பத்மநாபன் முதலியோர் 2010-ல் 'ஈஸி' முறையை வெளியிட்டனர். வாசலிலோ சன்னலோரத்திலோ எப்போதாவது கிடைக்கும் ஜிபிஎஸ் அளவைப் பிடிமானமாக வைத்து, மற்ற இடங்களைக் கணக்கிட்டே கண்டுபிடிப்பது அதன் உத்தி. 2012-ல் வந்த 'ஸீ' இன்னும் சுவையானது. கைபேசியைச் சட்டைப் பையில் வைத்தாலும் கைப்பையில் போட்டாலும் அது நடப்பவரின் காலடிகளை எண்ணும். முதலில் அவர் தளத்தில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். அவர் நடந்து திரும்பத் திரும்ப, சுவரை ஊடுருவிச் செல்ல வேண்டியிருக்கும் ஊகப் பாதைகள் ஒவ்வொன்றாகக் கழிந்துவிடும். எஞ்சுவது அவர் நடந்த பாதை. சுவர்தான் இங்கே சாட்சி. நடப்பவருக்கோ தான் அளவை வேலை செய்வதே தெரியாது.

'ஸீ'க்குக் கையில் ஒரு தளப்படம் முன்பே வேண்டும். அதே 2012-ல் எகிப்திய ஆய்வாளர்களின் 'கிரவுட்இன்சைட்' இதைத் தலைகீழாக்கி, பலர் நடந்த தடங்களிலிருந்து தளப்படத்தையே வரைந்தது.

வணிக உலகம் வேறு பாதையில் போனது. கூகுள் மேப்ஸ் 2011 நவம்பரில் கட்டட உட்புறங்களைக் காட்டத் தொடங்கியது; 2014-ல் அந்த வசதி இந்தியாவுக்கும் வந்தது. மால்கள், விமான நிலையங்கள் போன்ற கூட்டம் சேரும் இடங்களே அதில் முதலில் இடம்பிடித்தன. சிறுபட்டறைகளைத் தேடி எந்தப் பெருநிறுவனமும் வரப்போவதில்லை.

பட்டறைக்காரரே வரைந்துகொள்ளும் வாய்ப்பைக் கேமரா தந்தது. 2009-ல் ஆக்ஸ்ஃபோர்டின் கெயோர்க் கிளைன், டேவிட் மர்ரி ஆகியோர், கேமரா அசைவையும் சுற்றுப்புற வடிவத்தையும் ஒருசேரக் கணிக்கும் தங்கள் முறையை ஐபோனில் ஓட்டிக் காட்டினர். 2011-ல் வந்த மேஜிக்பிளான் செயலி, அறையின் மூலைகளைக் கேமராவில் குறித்தாலே படம் போட்டுத் தந்தது. கூகுளின் டேங்கோ திட்டம் 2014-ல் ஆழமறியும் கேமராவுடன் ஆரவாரமாகப் பிறந்து, 2018 மார்ச்சில் மூடப்பட்டது. தனிக்கருவி தேவைப்பட்டதே அதன் பலவீனம்.

ஆப்பிள் 2020-ல் ஐபேட் ப்ரோவிலும் ஐபோன் 12 ப்ரோவிலும் லைடாரைப் பொருத்தியது. ஒளி பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அறியும் கருவி அது; எட்டும் தூரம் 5 மீட்டர். 2022-ல் வெளியான ஆப்பிளின் ரூம்பிளான் மென்பொருள், கைபேசியைப் பிடித்தபடி அறையைச் சுற்றி வந்தாலே சுவர், சன்னல், கதவு, அறைகலன்களைத் தனித்தனியாக அடையாளம் கண்டு முப்பரிமாணப் படமாக்குகிறது. 2023 முதல் பல அறைகளை ஒரே படமாக இணைக்கவும் முடிகிறது.

ரூம்பிளான் வீட்டை மனத்தில் வைத்துச் செய்த கருவி என்பதை மறக்கக் கூடாது. அடையாளம் காணும் பட்டியலில் சோபாவும் குளிர்பதனப் பெட்டியும் ஓவனும் உண்டு, சூளை கிடையாது. ஏறத்தாழ 9 மீட்டர் நீள அகலத்துக்கு உட்பட்ட, நல்ல வெளிச்சமுள்ள அறையே அதற்கு உகந்தது. உயரமான கூரை, கண்ணாடி, மிகக் கறுத்த பரப்பு ஆகியவை அதைக் குழப்பும். புகையேறிய சூளைச் சுவர் ஒளியை விழுங்குகிறது. மெருகேற்றிப் பளபளக்கும் பீங்கான் ஒளியை வேறு பக்கம் சிதறவிடுகிறது. செராமிக் ஊரில் இரண்டுக்கும் பஞ்சமில்லை.

சட்டம் தடையாக இல்லை. 2021 பிப்ரவரி 15-ல் வெளியான மத்திய அரசின் புவிசார் தரவு வழிகாட்டுதல்கள், இந்தியர்கள் வரைபடம் தயாரிக்க முன்அனுமதி பெறத் தேவையில்லை என்று தளர்த்தின.

அடுக்குகளை இடம் மாற்றவும், அவசர வழியைக் குறிக்கவும், வயரிங் செலவை உத்தேசமாகப் போடவும் கைபேசிப் படம் தாராளமாகப் போதும். புதுச் சூளைக்கு அஸ்திவாரம் போடுவதானால் மட்டும் நாடாவையோ லேசர் அளவியையோ கொண்டு ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். சில சென்டிமீட்டர் பிழை அங்கே செங்கல்லாகவும் பணமாகவும் விடியும்.