ஒர்கெய் கல்லுக்குள் ஒரு விதை

1864 மே 14-ஆம் தேதி, இரவு எட்டு மணி சுமாருக்கு, பிரான்ஸின் தென்பகுதியில் மோந்தோபான் நகரத்துக்கு அருகே வானத்தில் ஒரு தீப்பந்து ஓடியது. பின்னாலேயே பீரங்கி வெடித்தாற்போல் சத்தம். ஒர்கெய் என்ற கிராமத்தைச் சுற்றிலும் இருபது கற்கள் போல வந்து விழுந்தன. ஒர்கெய் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குச் செருக்கு என்று பொருள். கதையை முழுதும் படித்தபின் அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

கற்கள் கரிக்கட்டை போல் கறுப்பு. கத்தியால் சீவிவிடலாம், அவ்வளவு மென்மை. தண்ணீரில் போட்டால் கரைந்து சேறாகிவிடும். விண்கல் என்றால் இரும்புக் குண்டு போல் இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு இது அதிசயம். அதைவிட அதிசயம், அந்த ஆண்டே குளொவேஸ் என்ற வேதியியலாளர் சோதித்துச் சொன்ன முடிவு: கல்லுக்குள் கரிமப் பொருள் இருக்கிறது, அது செடிகொடி மக்கி உண்டாகும் சதுப்புநிலக் கரியை ஒத்திருக்கிறது. அப்படியானால் அது வந்த இடத்தில் செடி முளைத்ததா?

இந்தக் கேள்வி எழுந்த வேளையைக் கவனியுங்கள். அதற்கு ஐந்து வாரம் முன்பு, ஏப்ரல் 7-ஆம் தேதி, பாரீஸ் சொர்போன் அரங்கில் லூயி பாஸ்தேர் தம் புகழ்பெற்ற உரையை நிகழ்த்தியிருந்தார். (தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பாஸ்டர் என்றிருக்கும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன், பாஸ்தேர் என்றே நாக்கு பழகிவிட்டது.) எழுத்தாளர்கள் அலெக்ஸாந்தர் துய்மா, ஜார்ஜ் சாந்த் எல்லோரும் வந்து உட்கார்ந்து கேட்ட கூட்டம் அது. உயிரில்லாத பொருளிலிருந்து உயிர் தானாகத் தோன்றுமா என்பதுதான் வழக்கு. தோன்றாது என்றார் பாஸ்தேர். காய்ச்சிய சாறு கெட்டுப்போவது காற்றிலுள்ள தூசியோடு வரும் நுண்ணுயிர்களால்தான் என்று காட்டினார். அன்னப்பறவையின் கழுத்துபோல் வளைந்த மூக்குடைய குடுவைகளில் காற்று போகும், தூசி வளைவிலேயே தங்கிவிடும், சாறு கெடாது.

எங்கள் பள்ளியில் பாஸ்தேர் ஏறக்குறைய ஒரு மகான். எதிர்க்கட்சிக்காரரான பூஷேயின் பெயரை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். பிற்காலத்தில் நூலகத்தில் படித்தபோதுதான் அந்த மனிதர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. ரூவான் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநர். 1859-இல் உயிர் தானே தோன்றும் என்று ஒரு பெரிய நூலே எழுதியவர். பாஸ்தேர் 1860-இல் ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றுக்கு அருகே ஏறி இருபது குடுவைகளைத் திறந்து மூடினார், ஒன்றுதான் கெட்டது. பூஷே விடவில்லை. இரண்டு நண்பர்களோடு 1863-இல் பிரனே மலையில் அதைவிட உயரத்துக்கு ஏறி, தம் குடுவைகளைத் திறந்தார். அத்தனையிலும் உயிர்கள் பெருகின.

வித்தியாசம் சாற்றில் இருந்தது. பாஸ்தேர் எடுத்துப்போனது ஈஸ்ட் நீர். பூஷே எடுத்துப்போனது வைக்கோல் சாறு. வைக்கோலில் இருக்கும் ஒரு பாக்டீரியா, உணவு குறைந்தால் கெட்டியான உறைக்குள் வித்தாக அடங்கிவிடும். கொதிநீருக்கும் சாகாது. இதை ஃபெர்டினாண்ட் கோனும் ஜான் டின்டலும் 1876, 1877-இல்தான் கண்டுபிடித்தார்கள். பூஷே 1872-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் கண்ணால் கண்டது உண்மை, அதற்குச் சொன்ன காரணம்தான் தவறு. இரு தரப்பையும் விசாரிக்க அறிவியல் அகாதெமி அமைத்த குழுவில் பாஸ்தேர் பக்கம் சாய்ந்தவர்களே அதிகம். 1864 ஜூனில் பூஷே தரப்பு விலகிக்கொண்டது. ஆக, ஒர்கெய் கல் விழுந்தது இந்தச் சண்டையின் உச்சத்தில்.

அதன்பின் கல் அலமாரிக்குப் போனது. ஒரு நூற்றாண்டு அதைப்பற்றிப் பெரிய பேச்சில்லை.

1953-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றை ஒரு கண்ணாடிக் கருவியில் அடைத்து, ஒரு வாரம் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களை எடுத்தார். உயிரின் மூலப்பொருள் உயிரில்லாமலே உண்டாகும் என்று தெரிந்ததும் பழைய கேள்வி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. விண்கற்களை மறுபடி எடுத்தார்கள். 1961-இல் கிளாஸ், நாகி என்ற இருவர், ஒர்கெய் கல்லில் நுண்ணுயிர்ப் படிமம் போன்ற உருவங்களைக் கண்டதாக அறிவித்தார்கள். உலகமே பரபரத்தது. சிகாகோவில் எட்வர்ட் ஆண்டர்ஸும் ஃபிட்ச்சும் சரிபார்த்தார்கள். சில வெறும் தாதுத் துகள்கள். நன்றாகத் துலங்கிய ஒன்று, ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம். நம் ஊர்ப் பார்த்தீனியம் மாதிரி அங்கே மூக்கடைப்புக்குப் பேர்போன செடி.

ஆனால் எனக்குப் பிடித்த கட்டம் இதன்பின் வருவது. மோந்தோபான் அருங்காட்சியகத்தில் ஒரு துண்டு, 1864 முதல் கண்ணாடிக் குடுவையில் மூடி முத்திரையிட்டபடி இருந்தது. இதைவிடச் சுத்தமான சாட்சி கிடைக்குமா? திறந்து பார்த்தார்கள். உள்ளே, கல்லோடு கல்லாகப் பதிந்து, கோரை மாதிரியான ஒரு நீர்ப்புல்லின் விதை! கூடவே நிலக்கரித் துண்டுகள். மேலே, விண்கல் எரிந்து வந்தால் உண்டாகும் கருந்தோல் போலப் பூசியிருந்தது மாட்டுத்தோல், எலும்பு இவற்றைக் காய்ச்சி எடுக்கும் பசை. கல் நீரில் இளகும் என்று சொன்னேனே, அந்தக் குணத்தைப் பயன்படுத்தி, இளக்கி, விதையை உள்ளே வைத்து, ஒட்டி மூடியிருக்கிறார்கள்.

ஆண்டர்ஸ் குழு இதை வெளியிட்டது 1964-இல், சரியாக நூறாண்டு கழித்து. பாஸ்தேர் விவாதத்தைக் கிண்டல் செய்யவோ கலைக்கவோ அந்தக் காலத்திலேயே யாரோ செய்த வேலையாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். செய்தவர் யாரென்று இன்றுவரை பிடிபடவில்லை. பாவம், தம் குறும்பு அரங்கேறுவதைப் பார்க்காமலே செத்திருப்பார். பாஸ்தேர் தரப்பா, பூஷே தரப்பா, இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்த மூன்றாம் ஆளா? என் ஊகம் மூன்றாம் ஆள். கட்சிக்காரனாக இருந்தால் விதை வைத்துவிட்டு நூறு வருஷம் சும்மா இருந்திருக்க மாட்டான், மறுநாளே திறந்து காட்டியிருப்பான்.

நான் பல வருஷம் பதிவறையில் குப்பை கொட்டியவன். அரக்கு முத்திரை ஒன்றைத்தான் சொல்லும்: இதை வைத்தபின் யாரும் திறக்கவில்லை. வைப்பதற்கு முன் உள்ளே என்ன போனது என்பதற்கு அது சாட்சி ஆகாது. முத்திரையைப் பார்த்துவிட்டு உறைக்குள் உள்ளதை நம்புகிற பழக்கம் விஞ்ஞானிகளுக்கும் உண்டு என்று தெரிந்தபோது, ஒரு குமாஸ்தாவின் அற்ப சந்தோஷம் எனக்கு.

இதில் வேடிக்கை, கல் ஏமாற்றவே இல்லை. 2001-இல் ஒர்கெய் கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை உறுதி செய்தார்கள். அவை அதற்கே சொந்தமானவை. ஆனால் அதே ஆண்டு வேறு இருவர், கல்லில் ஓடும் வெள்ளை உப்பு நரம்புகளைப் பற்றிச் சந்தேகம் கிளப்பினார்கள். ஆதிகாலத்தில் விண்ணில் நீர் ஓடிய தடம் என்று அவற்றைக் கொண்டாடி வந்தார்கள். விழுந்த புதிதில் எழுதியவர்கள் யாரும் வெள்ளை நரம்பைக் குறிப்பிடவில்லையே, அருங்காட்சியகத்தின் ஈரக்காற்றில் பிறகு உண்டானதாக இருக்காதா என்று கேட்டார்கள். பழைய கோப்பைப் புரட்டிச் செய்த ஆராய்ச்சி, எனக்கு ரொம்பப் பிடித்தது.

இதனால்தான் கல் தானாக வந்து விழும்வரை காத்திராமல், போய் அள்ளி வருகிறார்கள். ஜப்பானின் ஹயபுசா-2 விண்கலம் ரியூகு என்ற சிறுகோளிலிருந்து 5.4 கிராம் எடுத்து, 2020 டிசம்பரில் காற்றுப் புகாத பெட்டியில் கொண்டுவந்து இறக்கியது. பிரித்துப் பார்த்தால் நம் ஒர்கெய் கல்லுக்கு அச்சு அசல் உடன்பிறப்பு. அதில் ஒரு சிறு துணுக்கு லண்டன் போய்ச் சேர்ந்தது. முதலில் எடுத்த எக்ஸ்ரே படத்தில் எதுவுமில்லை. ஆய்வுக்குத் தயார் செய்தபின் பார்த்தால் மேலே இழை இழையாக உயிர்கள், எண்ணிக்கை முதலில் கூடி, பிறகு குறைந்தது. 2024-இல் அறிக்கை வந்தது: எல்லாம் பூமியின் பாக்டீரியாக்கள், இங்கே வந்தபின் குடியேறியவை.