'கேடி' எங்கிருந்து வந்த சொல்?

ஆசிரியர்களே, நம்ம காப்பார் பக்கம் ஒரு பையன் இரண்டு தடவை சேட்டை பண்ணினால் போதும், "அவன் சரியான கேடிங்க!" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறோம். மாணவர்களே, இது 'கேடு' என்பதிலிருந்து பிறந்தது என்று விடைத்தாளில் எழுதிவிடாதீர்கள். பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் வேர் அதுவல்ல.

கே, டி இரண்டும் ஆங்கில எழுத்துகள். 'நோன் டெப்ரடேட்டர்', அதாவது 'அறியப்பட்ட கொள்ளையர்' என்பதன் சுருக்கம். (உச்சரிப்பு 'நோன்' என்றாலும் எழுதும்போது முதலெழுத்து கே!) பிரிட்டிஷ் கால இந்தியப் போலீஸின் பேச்சு இது. திருட்டுக்காகத் தண்டனை பெற்றவரின் பெயர் காவல் நிலையப் பதிவேட்டில் ஏறிவிடும். சிறையிலிருந்து வந்த பிறகும் கண்காணிப்பு தொடரும். ஊரில் எங்கே பூட்டு உடைந்தாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 'அறியப்பட்ட'தான். இன்றைய திருட்டைச் செய்தாரோ இல்லையோ, பெயர் ஏற்கெனவே ஏட்டில் இருக்கிறதே!

அதே ஆட்சி 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911இல் திருத்திய சட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தபோது முழுச் சமூகங்களே பதிவாயின. தண்டனைகூட வேண்டியதில்லை, பிறப்பே போதும். 'கேப்மாரி' என்று கோபத்தில் திட்டுகிறோமே, அது அப்படிப் பட்டியலிடப்பட்ட ஒரு சமூகத்தின் பெயர். சட்டம் இந்தியா முழுக்க 1952இல் நீக்கப்பட்டது. திட்டுவது மட்டும் இன்னும் நடக்கிறது.

பிறமொழிச் சொற்கள் பாடத்தில் 'கேடி'யோடு 'தக்' என்ற சொல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியில் ஏமாற்றுக்காரன் என்று பொருள்படும் அந்தச் சொல், இங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் முரடனைக் குறிக்கிறது.