மன்னிப்பும் தீர்ப்பும்: கப்டன் ஹென்றி பேதிரிஸ்

வெள்ளவத்தைக்கு அயலிலுள்ள ஹவ்லொக் நகரில் ஹென்றி பேதிரிஸ் என்னும் பெயரை ஒரு வீதியும் ஒரு மைதானமும் தாங்கி நிற்கின்றன. அப்பெயருக்குரியவர் கொழும்பு நகரக் காவற்படையிற் கப்டனாக விளங்கியவர். 1915ஆம் ஆண்டு சிங்கள முஸ்லிம் கலவரம் மூண்டபொழுது தேசாதிபதி சாமேர்ஸ் இராணுவச் சட்டத்தைப் பிரகடனஞ் செய்தார். அச்சட்டத்தின் கீழ் இராசத்துரோகக் குற்றஞ் சாட்டப்பட்ட பேதிரிஸ், யூலை 7ஆந் திகதி வெலிக்கடைச் சிறையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 26.

கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கல்லால் எழுப்பிய சேர் பொன்னம்பலம் இராமநாதன், சட்டநிரூபண சபையில் இராணுவச் சட்டக் கொடுமைகளை அஞ்சாது கண்டித்தார். அவ்வுரைகள் 1916இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன. கலவரத்தில் முஸ்லிம்கள் உற்ற துயரை அவர் போதியளவு எடைபோடவில்லை என்பதும் ஈண்டுக் கூறத்தக்கதே.

109 ஆண்டுகள் கழிந்து, 2024இல், சனாதிபதியின் வர்த்தமானிப் பிரகடனத்தாற் பேதிரிசுக்கு மன்னிப்பு அளிக்கப்பட்டது. ஆயின் மன்னிப்பென்பது யாது? குற்றம் புரிந்தோர்க்கன்றோ அது உரியது! முதலாம் உலகப் போரின்போது தம் படையினராலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 306 வீரர்க்குப் பிரித்தானியா 2006இல் மன்னிப்பு வழங்கிற்று. அதனால் அவர்கள்மீதான தீர்ப்போ தண்டனையோ மாறாதென அச்சட்டமே வெளிப்படையாகக் கூறுகின்றது. மாண்டவர்க்குத் தண்டனைக் குறைப்பாற் பயனில்லை. அவருக்கு எஞ்சியிருப்பது பெயர் ஒன்றே. பேதிரிஸ் விடயத்தில் வேண்டற்பாலது தயவன்று, இராணுவ நீதிமன்றத் தீர்ப்பை மீள ஆராய்ந்து ஏட்டைத் திருத்துவதேயாம்.