கணக்கு மாத்திரை

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு மாலைப் பொழுது மயிலாப்பூர்த் தெப்பக்குளத்தருகே நடந்துகொண்டிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் என்னிடம் கணக்குப் பயின்ற மாணவர் ஒருவர் எதிர்ப்பட்டார். இப்போது அவர் மந்தைவெளியில் குடியிருக்கிறார். ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குத் தந்தை. அச்சிறுவனால் ஓரிடத்தில் அமர இயலவில்லை. எடுத்த வேலையை முடிக்குமுன் மனம் வேறொன்றுக்குத் தாவிவிடும். மருத்துவர் பலமுறை பார்த்து ஆராய்ந்து, கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த நிலை இது என்று கூறி, ஓராண்டாக மெதில்பெனிடேட் என்னும் மாத்திரையைக் கொடுத்து வந்தார். அதை நிறுத்திவிடலாமா என்பதே தந்தையின் கேள்வி. பையனுக்குப் பசி குறைந்துவிட்டது. உறவினர் வாய்க்கு வந்தபடி பேசுகின்றனர். தாயோ, காலாண்டுத் தேர்வு நெருங்கும்போது நிறுத்துவதாவது என்கிறார்.

“நானும் இப்படித்தானே இருந்தேன், சார்? மாத்திரை இல்லாமல்தானே வளர்ந்தேன்?” என்றார்.

உண்மைதான். அவர் அப்படித்தான் இருந்தார். அவரைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தியவனும் நானே. ஒரு நாளன்று, பல நாள். ஆசிரியப் பயிற்சியும் உளநூற் பாடமும் முடித்து வந்தவன்தான் நான். ஆயினும் அடங்காத பிள்ளை வேறு, அடங்க இயலாத பிள்ளை வேறு என்பது அன்று எனக்குப் புலப்படவில்லை. ஆகவே அவருக்கு உடனே விடை கூற நாணி, ஒரு வாரம் தவணை கேட்டேன். அந்த வாரத்தில் தேடிப் படித்த வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இத்தகைய குழந்தைகளைப் பற்றி 1902-இல் இலண்டன் மாநகரில் ஜார்ஜ் ஸ்டில் என்னும் குழந்தை மருத்துவர் சொற்பொழிவுகள் ஆற்றினார். அறிவிற் குறைவில்லாத பிள்ளைகளும் தம்மைக் கட்டுப்படுத்த இயலாமல் தவிப்பதை அவர் எடுத்துக்காட்டினார். மருந்தின் கதை தொடங்குவதோ அமெரிக்காவில். ரோட் ஐலண்டு மாநிலத்தில் ஜார்ஜ் பிராட்லி என்னும் செல்வருக்கு எம்மா என்றொரு மகள். மூளை அழற்சி நோயால் அக்குழந்தையின் வாழ்வு சிதைந்தது. அவள் பெயரால் எழுந்த குழந்தைகள் மருத்துவ இல்லம் 1931-இல் திறக்கப்பட்டது. அங்கே மருத்துவராக இருந்த சார்ல்ஸ் பிராட்லி அக்குடும்பத்தைச் சேர்ந்தவரே.

மூளையைப் படம் பிடிப்பதற்காக அக்காலத்தில் முதுகுத்தண்டு நீரை வெளியேற்றுவார்கள். அதனால் பிள்ளைகளுக்குக் கடுந் தலைவலி உண்டாகும். பென்ஸெட்ரின் என்னும் மருந்து கொடுத்தால் அந்நீர் விரைந்து ஊறும், வலி தணியும் என்று பிராட்லி எண்ணினார். வலி தணியவில்லை. ஆனால் இல்லத்துப் பள்ளியின் ஆசிரியர்கள் வியப்பான செய்தியொன்றைக் கொண்டுவந்தார்கள்: பிள்ளைகள் சிலர் திடீரென்று ஊன்றிப் படிக்கிறார்கள்! பிள்ளைகளே அதற்குக் கணக்கு மாத்திரை என்று பெயரிட்டுவிட்டார்கள். கண்டுபிடித்த பெருமையில் பாதி அந்த ஆசிரியர்களுக்கு உரியது என்பேன். என் தொழிற்பற்று அப்படிச் சொல்லத் தூண்டுகிறது எனினும் தவறில்லை.

1937-இல் பிராட்லி தம் ஆய்வை வெளியிட்டார். முப்பது பிள்ளைகள். முதல் வாரம் மருந்தின்றிக் கவனித்தார். இரண்டாம் வாரம் காலைதோறும் மருந்து கொடுத்தார். மூன்றாம் வாரம் நிறுத்தினார். பதினால்வரிடம் படிப்பில் பெரிய மாற்றம் தெரிந்தது. மருந்து நின்றதும் அம்மாற்றமும் நின்றது. இங்கே நான் வெகுநேரம் தங்கினேன். நிறுத்துவது என்பது மருந்தைக் கைவிட்டவர் செயல் என்றே என் மாணவர் எண்ணியிருந்தார்; நானும் அப்படியே எண்ணினேன். முதல் ஆய்விலேயே அது சிகிச்சையை அளந்தறியும் கோலாக இருந்திருக்கிறது.

பின்னர் 1944-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாந்த்ரோ பனிசோன் மெதில்பெனிடேட்டை உண்டாக்கினார். ரீட்டா என்று அழைக்கப்பட்ட தம் மனைவியின் பெயரைக்கொண்டு ரிட்டலின் என்று அதற்குப் பெயர் வைத்தார். 1969-இல் கீத் கானர்ஸ் என்பவர், மருந்தின் பயனை அளக்க ஆசிரியர்கள் விடையளிக்கும் வினாப்பட்டியல் ஒன்றை வகுத்தார். மறுபடியும் ஆசிரியரே சாட்சி!

நம் நாட்டில் இம்மருந்து அட்டவணை எக்ஸ் என்னும் கடுங்கட்டுப்பாட்டில் உள்ளது. மருந்துச்சீட்டு இரு படிகளாக வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் ஈராண்டு பாதுகாக்க வேண்டும். தியாகராய நகரில் கடைக்காரர் இரண்டாம் படி கேட்டபோது, ஏதோ குற்றம் செய்தவர்போல் குறுகிப்போனதாகத் தாய் சொன்னார். தவறான கைகளுக்குப் போகாமல் காக்கும் விதி அது. தாயைச் சந்தேகிக்கும் விதியன்று. ஆனால் அதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை.

நெடுங்காலம் கொடுத்தால் என்னாகும்? அமெரிக்காவில் 579 பிள்ளைகளைக் கொண்டு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1999-இல் வெளிவந்தது. பதினான்கு மாத அளவில், கவனத்துடன் அளிக்கப்பட்ட மருந்து நன்கு பயன்பட்டது. மூன்றாண்டு கழித்துப் பார்த்தபோதோ, வெவ்வேறு சிகிச்சை பெற்ற குழுக்களுக்கிடையே அவ்வேறுபாடு காணப்படவில்லை. தொடர்ந்து மருந்துண்டவர் உயரம் சுமார் இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தது. நெதர்லாந்தில் ஈராண்டுக்கு மேல் மருந்துண்ட 94 பேரிடம் நடந்த ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு அவர் அறியாமலே மருந்தைப் படிப்படியாகக் குறைத்து வெறும் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களுள் நூற்றுக்கு நாற்பது பேர் நிலை மோசமாயிற்று. மருந்தைத் தொடர்ந்தவருள் நூற்றுக்குப் பதினாறு பேர். அதாவது சிலருக்கு மருந்து இன்னும் தேவை. நிறுத்தப்பட்டவருள் பாதிக்கு மேற்பட்டோர் மோசமாகவில்லை. யார் எந்தப் பக்கம் என்பதை வீட்டுக் கூடத்தில் விவாதித்து அறிய முடியாது.

வாரம் முடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றேன். “நீயாக நிறுத்திவிடாதே” என்றேன். இந்த நிலைக்கே கொடுக்கப்படும் குளோனிடின் போன்ற வேறு சில மருந்துகளைச் சட்டென்று விட்டால் இரத்த அழுத்தம் ஏறிவிடும். எதை எப்படி விடுவது என்பது மருத்துவருக்குத் தெரியும். பசிக் குறைவையும் எடையையும் அவரிடம் சொல். ஆண்டுக்கொரு முறையேனும் மருந்து வேண்டுமா என்று மறுபடி பார்ப்பது உலக வழக்கம். நீ கேட்பதில் தவறே இல்லை என்றேன். தாயிடம், தேர்வு முடியட்டும் என்பது நியாயமே என்றேன். “நீ மாத்திரை இல்லாமல் வளர்ந்தாய், ஆனால் பெஞ்சின்மேல் வளர்ந்தாய்” என்பதையும் சொல்லி முடித்தேன். அவர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை.

காலாண்டு விடுமுறைக்குப் பின், பள்ளி நடக்கும் நாட்களாகவே பார்த்து, மருத்துவர் மூன்று வாரம் மருந்தை நிறுத்தினார். வகுப்பாசிரியை குறிப்பேடு எழுதினார். பசி திரும்பியது. ஆனால் கணக்குகள் பாதியில் நின்றன. நண்பர்களோடு சண்டை மிகுந்தது. மருத்துவர் முன்னிலும் குறைந்த அளவில் மருந்தைத் தொடங்கி, காலை உணவுக்குப் பின் கொடுக்கச் சொன்னார். அடுத்த ஆண்டு மீண்டும் நிறுத்திப் பார்ப்பதாகவும் கூறியிருக்கிறார். பையனுக்கும் அது தெரியும். அந்தக் குறிப்பேட்டில் தான் எழுதுவதற்கும் ஒரு பக்கம் விட வேண்டும் என்று ஆசிரியையிடம் கேட்டிருக்கிறானாம்.