யானைத்தந்த மந்திரியும் துணி மந்திரியும்

லிங்கராஜபுரத்துல எங்க குடியிருப்புல ரெண்டு மாசமா போகிமான் சீட்டு ஜுரம். பையன் சாயங்காலமானா கட்டைத் தூக்கிக்கிட்டு கீழ ஓடிடுவான். தரைத்தளத்துப் பையனும் ஆட வருவான், திடீர்னு வர்றதை நிறுத்திட்டான். கேட்டா நம்மாளு சொல்றான்: "அவன்கிட்ட நல்ல கார்டே இல்லப்பா, எப்பவும் தோத்துடுவான்." பொட்டி தட்டுற அப்பனோட பிள்ளை பேசுற பேச்சா இது? சுருக்குனுச்சு.

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். 1527ல பாபர், சிந்துவை ஆண்ட ஷா ஹுசைனுக்கு கஞ்சிஃபா சீட்டு அனுப்பி வச்சதா தன் நினைவுக்குறிப்புல எழுதியிருக்கார். நம்ம நாட்டுல இந்த ஆட்டத்தைப் பத்தின பழைய குறிப்புகள்ல இது ஒண்ணு. பின்னாடி பரவலான முகலாய கட்டுல 8 ரகம், ரகத்துக்கு 12 சீட்டு: ராஜா, மந்திரி, ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் எண்கள். மொத்தம் 96. தசாவதாரக் கட்டுன்னா 10 ரகம், 120 சீட்டு.

அரண்மனைக்கு யானைத்தந்தத்துலயும் ஆமை ஓட்டுலயும் செஞ்சாங்க. இதுக்கு 'தர்பார் கலம்'னு பேரு. சாதாரண ஜனத்துக்கு 'பஜார் கலம்'. ஒடிசாவுல இன்னிக்கும் பழந்துணியைப் புளியங்கொட்டைப் பசை போட்டு ஒட்டி, சுண்ணாம்பு பூசி, வட்டமா வெட்டித்தான் வரையறாங்க.

நம்ம பக்கத்து மைசூர்ல இந்தப் பைத்தியம் உச்சத்துக்குப் போச்சு. மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் (1794–1868) புதுசு புதுசா ஆட்டங்களைக் கட்டமைச்சார். ஸ்ரீதத்துவநிதி நூலோட 'கௌதுக நிதி' பகுதியில அதெல்லாம் இருக்கு. 36 சீட்டுலேர்ந்து 360 சீட்டு வரைக்கும் கட்டுகள்! அப்புறம் மெஷின்ல அச்சடிச்ச 52 சீட்டு மலிவா வந்து, கையால வரைஞ்ச கட்டுகளை ஓரங்கட்டிடுச்சு. மைசூர் கஞ்சிஃபா ஓவியத்துக்கு நம்ம காலத்துல திரும்ப உயிர் கொடுத்தவர்னு ரகுபதி பட்டாவைச் சொல்லணும்.

இதுல நான் கவனிச்சது ஒண்ணுதான். யானைத்தந்த மந்திரிக்கு, துணி மந்திரியைவிட ஒரு பிடி கூட பலம் கிடையாது! பணம் சீட்டோட உடம்புல இருந்துச்சு, ஆட்ட விதிக்குள்ள வரலை.

1993ல ரிச்சர்ட் கார்ஃபீல்டோட 'மேஜிக்' வந்ததும் கதை மாறிடுச்சு. சீட்டைப் பாக்கெட் பாக்கெட்டா வாங்கணும், அபூர்வமான சீட்டுல பலசாலிகள் நிறைய. 1996ல ஜப்பான்ல வந்த போகிமான் சீட்டும் அதே வழி. காசு விதிக்குள்ளயே உக்காந்துடுச்சு.

மேஜிக் ஆடறவங்களே இதுக்கு மருந்தும் கண்டுபிடிச்சாங்க. பேரு 'பாப்பர்', அதாவது ஏழை. எளிதாக் கிடைக்கற 'காமன்' ரகச் சீட்டை மட்டும் வச்சு 60 சீட்டுக் கட்டு. 2008ல இணைய ஆட்டத்துல அதிகாரபூர்வமாச்சு, 2019ல காகிதச் சீட்டுக்கும் வந்துச்சு. விலைக்கு உச்சவரம்பு வச்சா, விலை ஏறி இறங்கும்போதெல்லாம் பஞ்சாயத்து. அபூர்வமோ சீட்டுலயே அச்சடிச்சிருக்கு. யாரும் மாத்த முடியாது.

போன சனிக்கிழமை பசங்களைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். போகிமான் சீட்டு மூலையில சின்ன குறி இருக்கும்: வட்டம்னா சாதாரணம், வைரம்னா நடுத்தரம், நட்சத்திரம்னா அபூர்வம். நம்ம விதி: வட்டமும் வைரமும் மட்டும், நட்சத்திரத்துக்குத் தடை. அடிப்படை எனர்ஜி சீட்டு எவ்வளவு வேணாலும். மத்தபடி வழக்கம்போல 60 சீட்டு, ஒரே பேர்ல நாலுக்கு மேல கூடாது. மீந்த வட்டச் சீட்டை எல்லாம் ஒரு செருப்பு டப்பாவுல போட்டு பொதுவா வச்சுட்டோம். யாருக்கு வேணுமோ எடுத்துக்கலாம்.

நம்மாளு ஒரு மணி நேரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தான். அவனோட பளபளா சீட்டெல்லாம் வீட்டுலயே தங்கிடுச்சே! தரைத்தளத்துப் பையன் டப்பாவைத் துழாவி, பொறுமையா ஒரு கட்டு சேர்த்தான். மூணு ஆட்டம். ரெண்டுல ஜெயிச்சது அவன்.

மறுநாள் காலையில அழைப்பு மணி. கதவைத் திறந்தா அவனேதான். "அங்கிள், டப்பா எங்க?" :-)